மூன்றாவது ஓலை

சேசு, மரி, சூசை துணை
காரைக்கால், 24 ஜனவரி 1965

அன்புள்ள தம்பி இக்னாசுக்கு அக்கா செசீலி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நானும் உன் மச்சானும் சர்வேசுரன் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி, எனக்கு அவருடைய முணுமுணுப்பு. சைகோனில் குண்டு வெடிக்கிறது, ஆட்சி மாறுகிறது என்று பேப்பரில் போடுகிறார்கள். நீ மட்டும் ஒரு வரி எழுதுவதில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது.

நல்ல சேதி சொல்கிறேன். லெயோனி சம்மதித்துவிட்டாள். உன் மச்சானின் தங்கை மகள், கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா, வயது முப்பது. வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் ஏதாவது குறை சொல்லித் திருப்பி அனுப்பியவள். உன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூக்கு கொஞ்சம் பெருசு, பரவால்ல. முழிக்கிற முழி நல்லாருக்கு" என்றாள். இதற்குமேல் அவளிடம் எதிர்பார்க்காதே.

தெரேஸைப் பற்றி ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். நீ வடக்கே ஹாய்போங்கில் வேலையாக இருந்தபோது அந்த ஊர்ப் பெண்ணைக் கோவிலில் கட்டியது, வியட்நாம் இரண்டாகப் பிரிந்த வருஷம் அவள் தன் அம்மாவைக் கூட்டிவரக் கிராமத்துக்குப் போனது, வரும் வழியில் படகு கவிழ்ந்து எல்லாரும் போய்விட்டார்கள் என்று அவள் ஊர்க்காரன் ஒருவன் சைகோனுக்கு உன்னிடம் வந்து சத்தியம் பண்ணிச் சொன்னது, எல்லாம். வருஷா வருஷம் நவம்பரில் அவள் ஆத்துமத்துக்கு நான் பூசை வைப்பது லெயோனிக்குத் தெரியும். போன நவம்பரில் அவளும் என்னோடு வந்து முழங்காலில் இருந்தாள்.

பங்குச்சாமியார் ஒரு காரியம் சொன்னார். கல்யாண ஓலையை இங்கே மட்டும் வாசித்தால் போதாதாம். உன் பங்கிலும் மூன்று ஞாயிறு பூசையில் வாசித்து, யாரும் தடை சொல்லவில்லை என்று அந்தச் சாமியார் எழுதித் தரவேண்டுமாம். தபசு காலத்தில் கல்யாணம் கிடையாது. பாஸ்குத் திருநாள் கழித்து வாசிக்கச் சொல். நம் குடும்ப வழக்கத்தை மறந்துவிடாதே. தன் ஓலையைத் தன் காதால் கேட்கக்கூடாது. அந்த ஞாயிறுகளில் வேறு கோவிலில் பூசை பார். அப்பா தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று கேட்டுவிட்டுக் கல்யாணத்தன்று காய்ச்சலில் படுத்ததை அம்மா சாகும்வரை சொல்லிக் காட்டினாள்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அக்கா செசீலி

•

சைகோன், 21 பெப்ரவரி 1965

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் இக்னாஸ் தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். நான் சுகம். மச்சான் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். சோலோன் சீனக் கடையில் வாங்கியது, நாற்றம் தாங்காது, ஆனால் கேட்கும்.

குண்டு வெடிக்கத்தான் செய்கிறது. வெடித்த தெருவை விட்டு அடுத்த தெருவால் வேலைக்குப் போகிறோம். துறைமுகத்தில் எங்கள் பிரெஞ்சுக் கம்பெனிக் கிடங்கைச் சுற்றி இப்போது எல்லாம் அமெரிக்கச் சாமான்கள். சைகோனுக்கு வெளியே கு சி ஊர்ப் பக்கம் பஸ் சில நாள் போகிறது, சில நாள் பாதி வழியில் திரும்பி வருகிறது. இதையெல்லாம் எழுதினால் நீங்கள் தூங்கமாட்டீர்கள் என்றுதான் எழுதுவதில்லை.

எனக்கு உண்மையில் குழப்பம் கோவிலில்தான். எங்கள் பிரெஞ்சுச் சாமியார் ஊருக்குப் போகிறார். தபசு காலத்து முதல் ஞாயிறோடு பிரெஞ்சுப் பிரசங்கப் பூசையும் நிற்கிறது. ரோமாபுரி உத்தரவுப்படி லத்தீன் போய் எல்லாம் வியட்நாம் பாஷையாம். புதுச் சாமியார் வடக்கிலிருந்து அகதியாக வந்தவர். புதுப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுக்கப் பியென் ஹோவா பக்கத்து மடத்திலிருந்து ஒரு கன்னியாஸ்திரியை அனுப்பச் சொல்லியிருக்கிறார். சந்தையில் காய் வாங்கும் அளவுக்குத்தான் எனக்கு இந்தப் பாஷை வரும். லத்தீன் எனக்குப் புரிந்ததில்லை, ஆனால் எப்போது முழங்காலிடுவது, எப்போது எழுவது என்று உடம்புக்குத் தெரியும். "முன்னாடி யாருக்கும் புரியல, இப்ப ஒனக்கு மட்டும் புரியாது, அவ்ளோதானே" என்கிறார் பஷீர் அகமது பாய். காரைக்காலில் நம் பள்ளிவாசல் தெருக்காரர்தான், சைகோனில் துணிக்கடை வைத்திருக்கிறார். இங்கே எனக்கு அண்ணன் மாதிரி.

லெயோனிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். பத்து வருஷம் தனியாகச் சாப்பிட்டவனுக்கு எதிரில் ஒருவர் உட்காரப்போகிறார் என்று நினைக்கவே என்னவோ போலிருக்கிறது. சந்தோஷம்தான். தெரேஸின் உடல் கிடைக்கவில்லை என்பதையும் அவளிடம் சொன்னீர்களா?

அன்புத் தம்பி
இக்னாஸ்

•

சேசு, மரி, சூசை துணை
காரைக்கால், 28 மார்ச் 1965

அன்புத் தம்பிக்கு. எல்லாரும் சுகம். இந்திக் கலவரத்தில் ரயில் நின்றதால் உன் கடிதம் மெதுவாக வந்தது. சொன்னேன், சொன்னேன், உடல் கிடைக்காததையும் சொன்னேன். "பாவம், அவருக்கு அழறதுக்கு ஒரு குழிகூட இல்லையா" என்று கேட்டாள்.

குழப்பத்துக்கு நீ சைகோனில் இருக்க வேண்டியதில்லை. இங்கேயும் பூசை தமிழுக்கு மாறிவிட்டது. முன்னால் ஒரு மேசையைப் போட்டு, சாமியார் நம்மைப் பார்த்து நிற்கிறார். நான் கொட்டாவி விட்டதைப் பார்த்துவிட்டார். பூசை நேரத்தில் செபமாலை சொல்லக்கூடாதாம். பின்னே கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 'டோமினுஸ் வோபிஸ்கும்' என்றால் என்னவென்று தெரியாமலே இத்தனை வருஷம் இருந்தேன். இப்போது "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழ வேண்டிய இடத்தில் பாதிப் பேர் உட்கார்ந்தோம், உட்கார வேண்டிய இடத்தில் உன் மச்சான் வெளியே போய்விட்டார். இது மாதாவுக்கே பொறுக்காது என்கிறார்.

லெயோனிக்குத்தான் கொண்டாட்டம். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி எல்லாப் பதிலையும் உரக்கச் சொல்கிறாள். "புரிஞ்சாதான் பொய் சொல்ல முடியாதுத்தே" என்கிறாள். அவளோடு குடித்தனம் பண்ணப்போகிறவன் நீ.

ஏப்ரல் 25, மே 2, மே 9. மூன்று ஓலைக்கும் நாள் குறித்துக்கொள். ஜூன் கப்பலில் நீ வந்து இறங்க வேண்டும்.

அக்கா செசீலி

•

சைகோன், 2 மே 1965

அன்புள்ள அக்காவுக்கு. நான் சுகம், நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இன்று இரண்டாவது ஓலை முடிந்தது. நீங்கள் சொன்னபடி இரண்டு ஞாயிறும் சோலோனில் சீனக் கிறிஸ்தவர்களின் சின்னக் கோவிலுக்குப் போய்விட்டேன். அங்கே கறுப்பு ஆள் நான் ஒருவன்தான். ஒரு கிழவி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே பூசையை முடித்தாள்.

புதுச் சாமியார் நல்லவர். என் பேரும் அப்பா பேரும் காரைக்கால் என்பதும் அவர் வாயில் நுழையவில்லை; மூன்று தடவை என்னையே சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பாட்டுக் கன்னியாஸ்திரியும் பாஸ்கு கழித்து வந்துவிட்டாராம், ஜனங்கள் இப்போது ஒழுங்காகப் பாடுகிறார்களாம். ஓலை முடியட்டும், நானும் போய்க் கேட்கிறேன்.

லெயோனிக்கு வெள்ளைப் பட்டு எடுத்திருக்கிறேன். பஷீர் பாய் தானே உரசிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அவர் ஜூலையில் ஊருக்கு வருகிறார்; நான் முந்திக்கொண்டால் நானே கொண்டுவருவேன். இத்தனை வருஷத்தில் நான் இவ்வளவு சிரித்ததில்லை என்று கிடங்கில் சொல்கிறார்கள். அடுத்த ஞாயிறு மூன்றாவது.

உங்கள் தம்பி
இக்னாஸ்

•

சைகோன், 23 மே 1965

அன்புள்ள அக்காவுக்கு. உடம்புக்கு ஒன்றுமில்லை. சாமியார் சான்று தரத் தாமதம் ஆகும். மூன்றாவது ஓலை வாசிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்திருந்தால் நிறுத்துங்கள்.

உங்கள் சாமியாரிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். ஓர் ஆத்துமத்துக்காக வருஷா வருஷம் பூசை வைத்து, அந்த ஆத்துமம் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இல்லவே இல்லை என்றால், அந்தப் பூசைகள் எல்லாம் எங்கே போகும்? தெரேசுக்கு வருகிற நவம்பர் பூசை வேண்டாம். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். லெயோனியிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஏதாவது சொல்லுங்கள்.

இக்னாஸ்

•

காரைக்கால், 13 ஜூன் 1965

தம்பி, சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "ஏதாவது சொல்லுங்கள்" என்றால் எதைச் சொல்ல? அவளுக்கு ஜாக்கெட்டு தைத்தாயிற்று.

சாமியாரைக் கேட்டேன். "அந்த ஆத்துமம் உத்தரிப்பு முடிஞ்சு மோட்சத்துக்குப் போயிருந்தா, பூசைப் பலன் யாருமில்லாத வேற ஆத்துமங்களுக்குப் போவும். ஒண்ணும் வீணாப் போவாதும்மா" என்றார். அப்படியானால் தெரேஸ் மோட்சம் போனது உனக்கு எப்படித் தெரிந்தது? கனவில் வந்தாளா? கனவில் வந்து கல்யாணம் வேண்டாம் என்றாளா? மச்சான் உனக்கு யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்கிறார். நான் அந்தப் புதுச் சாமியார்மேல்தான் சந்தேகப்படுகிறேன். லத்தீனிலேயே வாசித்திருந்தால் ஒழுங்காக முடிந்திருக்கும்.

லெயோனி உன் கடிதத்தைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "யாராவது எழுந்திரிச்சுத் தடை சொன்னாங்களாத்தே?" பதில் எழுது.

செசீலி

•

காரைக்கால், 25 ஜூலை 1965

தம்பிக்கு. ஒரு பதிலும் இல்லை. பஷீர் பாய் வந்தார். மச்சானுக்குத் தைலமும் லெயோனிக்குப் பட்டும் கொடுத்தார். காப்பி குடித்தார். நான் கேட்டதற்கு, "தங்கச்சி, தம்பி ஒடம்பு நல்லாருக்கு. அதுக்கு மேல எங்கிட்டக் கேக்காதீங்க. அவன் வாயாலதான் வரணும்" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. பட்டு பிரிக்காமல் இருக்கிறது. இனியும் பேசாமல் இருந்தால் எனக்குத் தம்பியே இல்லை.

செசீலி

•

சைகோன், 8 ஆகஸ்ட் 1965

அன்புள்ள அக்கா, தெரேஸ் உயிரோடு இருக்கிறாள்.

இந்த வரியை எழுதி எழுதிக் கிழித்தேன். இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்தப் பாட்டுக் கன்னியாஸ்திரி அவள்தான். தாரமிழந்தவன் ஓலையில் செத்த மனைவியின் பேரையும் சொல்வார்கள் அல்லவா? சாமியார் வியட்நாம் பாஷையில், எல்லாருக்கும் கேட்கும்படி, காரைக்கால் இக்னாஸ், ஹாய்போங்கில் கட்டி இறந்துபோன தெரேஸின் கணவர் என்று வாசித்திருக்கிறார். அவள் பாட்டுக்காரர்கள் நடுவில் நின்றிருக்கிறாள். முதல் ஞாயிறு தன் காதை நம்பவில்லையாம். இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்து சாமியாரிடம் போய், "சாமி, செத்துப்போனதா வாசிச்சீங்களே, அது நான்தான்" என்று சொல்லியிருக்கிறாள்.

அந்த வாரமே சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கூடத்தில் மடத்துத் தாயாரும் இன்னொரு கன்னியாஸ்திரியும் இருந்தார்கள். நான் தாயாருக்கு மட்டும் வணக்கம் சொன்னேன். மற்றவர் எழுந்து நின்று பிரெஞ்சில், "உங்க கைக்கடியாரம் இன்னும் முந்தித்தான் ஓடுதா?" என்று கேட்டார். அதற்கப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். வழக்கத்தை மதிக்காமல் முதல் ஞாயிறே என் கோவிலுக்குப் போயிருந்தால் நானே கண்டிருப்பேன், அக்கா.

கவிழ்ந்தது அவளுக்கு முன்னால் போன படகு. அவளும் அம்மாவும் மாதக்கணக்கில் காத்திருந்து வேறு படகில் தப்பி வந்திருக்கிறார்கள். அதற்குள் ஹாய்போங்கில் எங்கள் கம்பெனி என்னைச் சைகோனுக்கு அனுப்பிவிட்டு மூடிவிட்டது. இந்தியாக்காரர்கள் எல்லாரும் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு பிரான்சு தேசத்து மார்செய்க்குப் போய்விட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் விலாசம் அவளுக்குத் தெரியாது. அவள் அம்மா செத்தபின், புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாதவள், வருஷக்கணக்கில் சேதி இல்லாததால் நான் செத்துவிட்டதாகவே எண்ணி மடத்தில் சேர்ந்து வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டாள்.

புருஷன் உயிரோடு இருப்பதால் அந்த வார்த்தைப்பாடு செல்லாது என்கிறார்கள் பிஷப் மனையில். வழி இரண்டுதானாம். அவள் உடுப்பைக் கழற்றிவிட்டு என் வீட்டுக்கு வரலாம். அல்லது நான் சம்மதம் எழுதிக் கொடுத்தால், ரோமாபுரியில் உத்தரவு வாங்கி அவள் மடத்திலேயே இருக்கலாம்; நான் சாகும்வரை தனியாக இருக்க வேண்டும். எந்த வழியிலும் லெயோனி இல்லை. அதை எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

நான் கணவனா, தாரமிழந்தவனா, ஒன்றுமே இல்லாதவனா தெரியவில்லை. செத்தவள் திரும்பி வந்தாள் என்று சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷப்பட்டேன், அன்று முழுக்க அழுதேன். மறுநாள் வெள்ளைப் பட்டைப் பார்த்தபோது அதற்கும் அழுதேன். தெரேஸ் ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க சொல்றபடி செய்றேன்" என்று மட்டும் சொன்னாள். வா என்றால் வருவாள். என்ன சொல்ல, அக்கா?

தம்பி
இக்னாஸ்

•

சேசு, மரி, சூசை துணை
காரைக்கால், 19 செப்டம்பர் 1965

என் அன்புத் தம்பிக்கு. உன்னைத் திட்டி எழுதியதை எல்லாம் மறந்துவிடு. இங்கே பாகிஸ்தானோடு சண்டை. ஆறு மணிக்கெல்லாம் விளக்கைக் குறைக்கச் சொல்கிறார்கள், கடிதம் போய்ச் சேருமோ என்னவோ. உன் மச்சான் கடிதத்தைக் கேட்டுவிட்டு எழுந்துபோய் மாதா சுரூபத்தின் முன்னால் நின்றார். புதுப் பூசையைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

என் புத்திக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். கட்டிய பெண்டாட்டி உயிரோடு வந்திருக்கிறாள், கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போ. மடமாவது ஒன்றாவது! அவளுக்காகப் பத்து வருஷம் முழங்கால் தேயப் பூசை கண்டவள் நான், எனக்கு இதைச் சொல்ல உரிமை உண்டு. இப்படித்தான் லெயோனியிடமும் சொன்னேன்.

அவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவள் அந்த நோட்டையும் திருத்தி முடித்து மூடினாள். பிறகு சொன்னாள்: "அந்தம்மா செத்துட்டாங்கன்னு நானும் அழுதிருக்கேன். உசுரோட இருக்காங்கன்னா அது நல்லதுதான். ஆனா என்னைக் கொஞ்ச நாளைக்கு யாரும் பாவம்னு பாக்காதீங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது." நோட்டுகளை அடுக்கிவைத்துவிட்டுத் தானாகவே, "நீங்க சொல்றபடி செய்றேங்கறவங்ககிட்ட, ஒங்களுக்கு என்ன வேணும்னு இவரு ஒரு வார்த்தை கேட்டாரா?" என்றாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் சொன்னதை எழுதிவிட்டேன். நான் சொன்னதையும் எழுதியிருக்கிறேன். எது சரி என்று எனக்கும் தெரியவில்லை.

அக்கா

•

சைகோன், 31 அக்டோபர் 1965

அன்புள்ள அக்காவுக்கு. நான் சுகம். மச்சான் சுகத்துக்கு எழுதுங்கள்.

தெரேஸிடம் கேட்டேன். சாமியார் வீட்டு முற்றத்தில், மடத்துத் தாயார் சற்றுத் தள்ளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போல நின்றுகொண்டிருந்தார். "எனக்கு என்ன வேண்டும் என்பதை விடு, உனக்கு என்ன வேண்டும்?" என்றேன். அவள் பதில் சொல்வதற்குள் தாயார் எல்லாச் செடிக்கும் இரண்டாம் தடவை ஊற்றிவிட்டார்.

"வீடு, வாசல், ஒங்களுக்குச் சமைச்சுப் போடறது, எல்லாத்தையும் நான் செத்ததா நெனச்சுப் பொதைச்சுட்டேன். எங்க ஜனங்க படகுல வந்தப்ப பாடிக்கிட்டேதான் வந்தாங்க. இப்ப கோவில்ல எங்க பாஷையிலேயே பாடறாங்க. அவங்க நடுவுல நிக்கறப்பதான் நான் உசுரோட இருக்கேன்" என்றாள். பிறகு, "ஆனா ஒங்க மனசு நோவக் கூடாது" என்றாள். நோகாமல் எப்படி?

சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் கோபிப்பீர்கள். எனக்கே கோபம் வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை. சத்தியம் பண்ணிச் சொன்ன அந்த ஊர்க்காரன்மேலா? அவன் கண்ட படகைத்தான் சொன்னான். சாமியார்மேலா? அவர் எழுத்துக்கூட்டிச் சரியாகத்தான் வாசித்தார். சர்வேசுரன்மேல் கோபப்பட எனக்குப் பயமாக இருக்கிறது, சில நாள் பயமில்லாமலும் இருக்கிறது.

ஊருக்கு வந்துவிடு என்பீர்கள். வரவில்லை. லெயோனி நடக்கிற தெருவில் நான் எப்படி நடப்பேன்? இங்கே ஞாயிறு காலைப் பூசைக்குப் போகிறேன், பின்வரிசையில் தூணோரம் உட்காருகிறேன். சாமியார் சொல்வதில் பாதி புரியாது. அவள் குரல் எழும்போது எழுகிறேன், நிற்கும்போது உட்காருகிறேன். பூசை முடிந்து அவள் போகும்போது தலையை அசைப்பாள். நானும் அசைப்பேன். அவ்வளவுதான்.

அந்தப் பட்டை லெயோனி என்ன செய்தாலும் சரி. அவளிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அவள் கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

இக்னாஸ்

•

சேசு, மரி, சூசை துணை
காரைக்கால், 28 நவம்பர் 1965

என் அன்புத் தம்பி இக்னாசுக்கு அக்கா செசீலி ஆசீர்வாதம். மச்சானுக்குச் சீனத் தைலம் கேட்கிறது; வீடே நாறுகிறது. எனக்கு ஒன்றுமில்லை. உன்மேல் கோபம் ஒரு வாரம் இருந்தது, அப்புறம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

இன்று கிறிஸ்துமசுக்கு முந்தின ஆகமன கால முதல் ஞாயிறு. போன வாரம் வழக்கம்போல நவம்பர் பூசைக்குச் சொல்லப் போனேன். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய். ஆனாலும் நவம்பரில் நான் சும்மா இருந்ததில்லை, கால் தானாகப் போய்விட்டது. "என்ன கருத்துக்கும்மா, யாருக்காகப் பூசை?" என்றார் சாமியார். இறந்தவருக்கு என்று சொல்ல முடியாது. நன்றிக்கு என்று சொல்லலாம் என்றால், லெயோனி முகம் வந்து நின்றது. பேந்தப் பேந்த விழித்துவிட்டு, "சைகோன்ல ஒரு குடும்பத்துக்குன்னு போடுங்க சாமி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போதெல்லாம் கருத்தைப் பூசை நடுவில் உரக்கச் சொல்கிறார்கள் என்பதை நான் மறந்துவிட்டேன். லத்தீன் காலத்தில் அது சாமியாருக்கும் சர்வேசுரனுக்கும் நடுவில் இருந்தது. இன்று காலை, கோவில் நிறைய ஆள் இருக்கும்போது, சாமியார் எங்களைப் பார்த்து நின்று, "சைகோனில் வாழும் இக்னாஸ், தெரேஸ் குடும்பத்துக்காக ஆண்டவரை மன்றாடுவோம்" என்று பேரோடு வாசித்துவிட்டார். நான் பேரே சொல்லவில்லை. மச்சான்தான் பின்னால் போய்க் கொடுத்திருக்கிறார், அந்த மனுஷன்! ஊருக்கே கதை தெரியும். ஒருவரும் பதில் சொல்லவில்லை. எல்லார் தலையும் எங்கள் வரிசைப் பக்கம் திரும்பியது. எனக்குத் தரையைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அப்போது என் பக்கத்திலிருந்து லெயோனி, தனியாக, பள்ளிக்கூடத்தில் சொல்வது போலவே உரக்கச் சொன்னாள்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள். அவள் குரல் நடுங்கவில்லை. நான் அவள் கையைத் தொட்டேன், கைதான் சில்லென்று இருந்தது.

வரும்போது வழியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "அவங்க பாடற குரல் எப்படி இருக்கும்னு எழுதச் சொல்லுங்கத்தே." எழுது, தம்பி.

உடம்பைப் பார்த்துக்கொள். தெரேஸையும் பார்த்துக்கொள் என்று எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

உன் அக்கா
செசீலி